டோபிக்கு நவம்பரில் ஒரு தேதி

1

நாய் மருத்துவரின் வரவேற்பறையில் இருந்த பெண் நவம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்துக்கொடுத்தாள். அந்த மாதம் வேண்டாம் என்றேன். விடுமுறைக்கு எங்காவது போகிறீர்களா என்று கேட்டாள். இல்லை. நாய்க்கு உடம்பு சரியில்லையா? அதுவும் இல்லை. பென்சிலைத் தாளின் மேல் நிறுத்தியபடி அவள் காத்திருந்தாள். இந்த நாட்டில் ஒரு தேதியை மறுப்பவன் காரணம் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருந்த காரணத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். எங்களுக்கு அது இறந்தவர்களின் மாதம் என்றேன். உடனே அவள் முகம் மாறியது. எங்கள் வீட்டில் யாரோ இறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, பென்சிலைக் கீழே வைத்து, உங்களுக்கு எப்போது முடிகிறதோ அப்போது வாருங்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹல் துறைமுகத்தில், ஐந்து வருடங்களாக இருக்கிறேன். ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வருகிற போகிற கப்பல்களின் விவரங்களைத் தட்டச்சு செய்யும் வேலை. அதற்கு முன் தூத்துக்குடியில் ஒரு மதுரைப் பத்திரிகைக்குத் துறைமுகச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். இங்கே ஒரு கப்பலின் பெயரில் எழுத்துப் பிழை வந்தால் யாராவது தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அங்கே யாரும் கேட்டதில்லை.

என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் கேட்டுக்கேட்டு, இந்தக் கோடையில் ஒரு யார்க்‌ஷயர் டெரியர் குட்டி வாங்கினோம். ஆண். முழுதாக வளர்ந்தாலும் ஒரு பெரிய பூனையளவைத் தாண்டாத சாதி. அவள் டோபி என்று பெயர் வைத்தாள். மே மாதம் பிறந்தது. நவம்பரில் ஆறு மாதம் முடிகிறது.

ஆறு மாதம் முடிந்த நாய்க்கு இங்கே உரிமம் வாங்க வேண்டும். தபால் நிலையத்தில் கொடுக்கிறார்கள். நான் போய் நின்று, கையெழுத்துப் போட்டு, மழைக்கு முன் வீடு திரும்பிவிட்டேன். சீட்டை வீட்டில் வைத்துப் படித்தபோது அதில் நாயின் பெயரே இல்லை, என் பெயர்தான் இருந்தது. இந்த நாட்டில் நான் தங்குவதற்கான முத்திரை கிடைக்க ஒரு குளிர்காலம் முழுவதும் வரிசைகளில் நின்றிருக்கிறேன். ஒரு நாயை வைத்துக்கொள்ளும் தகுதி எனக்கு ஒரு மதியத்தில் கிடைத்துவிட்டது.

2

மருத்துவர் பேச்சைக் குறைத்துப் பேசும் யார்க்‌ஷயர்க்காரர். ஆண் நாய்கள் எல்லாவற்றுக்கும் தான் காயடிப்பதில்லை என்று முதலிலேயே சொன்னார். சோபாவின் காலில் சிறுநீர் விடுவதற்காகக் கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். பயிற்சி கொடுத்தால் சரியாகும், கத்தி தேவையில்லை. ஆனால் ஓடும் நாய் வேறு. உங்கள் நாய் ஓடுகிறதா என்று கேட்டார்.

ஓடுகிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டில் பெட்டை நாய் இருக்கிறது. அது பருவத்துக்கு வந்த அக்டோபர் வாரத்தில் டோபி வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு வெளியே போய்விட்டது. எங்கள் தெரு போய்ச் சேரும் சாலையில் துறைமுக லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. உள்ளங்கையில் வைத்துத் தூக்கக்கூடிய ஒரு பிராணியை அந்த ஓட்டுநர்கள் பார்க்கக்கூட முடியாது.

மருத்துவர் டோபியின் வாயைத் திறந்து காட்டினார். சின்னச் சாதி நாய்களுக்குப் பால்பற்கள் சில விழாமல் நின்றுவிடும். புதுப்பல் பக்கத்திலேயே முளைத்துக் கோணிக்கொள்ளும். டோபிக்கு மேல்தாடையில் இரண்டு பால்பற்கள் அப்படி நின்றிருந்தன. விதை இரண்டும் கீழே இறங்கியிருக்கின்றனவா என்றும் தடவிப் பார்த்தார். இறங்கியிருந்தன. சிறிய நாய்க்கு மயக்க மருந்தை அடிக்கடி கொடுக்க அவர் விரும்பவில்லை. ஒரே மயக்கத்தில் பல்லையும் எடுத்து, இதையும் முடித்துவிடலாம். ஆறு மாதத்துக்கு முன்னால் செய்தால் வயது போதாது. அந்தப் பெட்டை மறுபடி பருவத்துக்கு வரும்வரை விட்டால் ஓட்டம் பழக்கமாகிவிடும், பிறகு வெட்டினாலும் சில நாய்கள் நிற்பதில்லை. ஆகவே நவம்பர்.

பேச்சு இவ்வளவு தெளிவாக இருந்தது. நான் தலையாட்டினேன். வெளியே வந்து வரவேற்பறைப் பெண்ணிடம் நவம்பர் வேண்டாம் என்றேன்.

என் மனைவி பிலோமி மணப்பாட்டுக்காரி. நான் சொல்வதற்கு முன்பே அவள் சொல்லிவிட்டாள்: "ஆத்துமா மாசத்துல வீட்டு உசுரு மேல கத்தி படக்கூடாது. டிசம்பர்ல பாத்துக்கிடலாம்." ஸ்டெல்லா எங்களிடம் ஆங்கிலத்திலேயே பேசுவாள், நாங்கள் தமிழிலேயே பதில் சொல்வோம். நவம்பரில் இந்த ஊரில் வேறு எந்த நாய்க்கும் ஆப்ரேஷன் நடப்பதில்லையா, லாரிகள் நவம்பரில் நின்றுவிடுமா என்று கேட்டாள். அவள் கேள்வியில் கேலி இருந்தது. பயமும் இருந்தது. அவளுக்கு நாய் வேண்டும், அவ்வளவுதான். பிலோமி வேலிக்கடியில் இருந்த குழியில் செங்கல்லை வைத்து அடைக்கப் போனாள்.

நான் எந்தப் பக்கம் என்று இருவருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. என் தயக்கத்துக்கு அந்த வழக்கம் பாதிக் காரணம்தான்.

3

வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரைத் தெருவில் நவம்பரை ஆத்துமா மாதம் என்போம். இரண்டாம் தேதி கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவதோடு அது முடிவதில்லை. பாவம் தீரும்வரை காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து விடுபடும் ஆத்துமாக்கள் மோட்சத்துக்குப் போகும் வழியில் சொந்த வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும், வீட்டில் மூச்சு விடுகிற எதிலும் சற்று நேரம் தங்கும் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. சாமியார்கள் இதைப் பிரசங்கத்தில் சொன்னதில்லை, கண்டித்ததும் இல்லை. அதனால் அந்த மாதம் வீட்டில் கோழி அறுக்கமாட்டார்கள். கறி தின்னாமல் இருக்கமாட்டார்கள். கடையில் அறுத்து வாங்கிவருவார்கள். கடைக்காரர் கோழிக்கு ஆத்துமாவோடு சம்பந்தம் இல்லை.

என் அண்ணன் கஸ்பார் எட்டு வருடங்களுக்கு முன்புவரை கொழும்புத் தோணியில் வேலை செய்தான். வெங்காயமும் வற்றலும் ஏற்றிக்கொண்டு பாய்விரித்துப் போகிற மரத் தோணி. ஒரு வெளிநாட்டுக் கப்பலின் சமையல்காரர் ஊருக்குத் திரும்பும்போது அவனிடம் ஒரு வெள்ளைக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். பொமரேனியன் சாதி, ஆண், முழங்காலுக்குக்கூட வராது. அண்ணன் அதற்குக் கப்பல் தலைவனைப் போலக் கப்பித்தான் என்று பெயர் வைத்துத் தோணியிலேயே வளர்த்தான். மூட்டைகளுக்கிடையில் எலியை அண்டவிடாது என்பதால் மற்றவர்களும் சகித்துக்கொண்டார்கள்.

வளர்ந்ததும் தொல்லை ஆரம்பித்தது. கரையில் எந்தப் பெட்டை பருவத்துக்கு வந்தாலும் கப்பித்தானுக்குத் தோணியில் இருந்தபடியே தெரிந்துவிடும். கரைக்குப் போட்ட பலகையில் குதித்து ஓடிவிடும். அண்ணன் தேடப் போவான். தோணியின் தலைவரைத் தண்டல் என்று சொல்வார்கள். அந்தத் தோணிக்குச் சூசை தண்டல். வாய் நீளமான மனிதர். பாயைக் கட்டச் சொன்னால் இவன் நாயைக் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று துறைமுகம் முழுவதும் சொல்லித் திரிவார். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"ஏலே கஸ்பாரு, ஒண்ணு நாயக் காயடி. இல்லன்னா நாயோட நீயும் கரையில கெட."

அண்ணனுக்கு அது நியாயமாகவே பட்டது. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கூட்டிவந்தான். காளைகளுக்குப் போடும் கிடுக்கியைத் தோள்பையில் வைத்திருந்த அவர், கப்பித்தானைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கிடுக்கியப் போட்டா நாயவே காணாது. இதுக்குப் பிளேடுதான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அன்று நவம்பர் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இந்த மாதம் என் வீட்டில் பிளேடு எடுக்கக்கூடாது, டிசம்பரில் வாருங்கள் என்று கம்பவுண்டருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

4

அந்த மாதத்தின் நடுவில் தோணி கிளம்ப இருந்தது. வாடைக்காற்று சரியாக எடுத்திருந்தது. தெற்கே போவதற்கு அதைவிட நல்ல காற்றில்லை. துறைமுகச் செய்திக்காக நான் அன்று காலை பழைய துறைமுகத்தில் இருந்தேன். ஆகவே இனி எழுதுவது கேட்டதல்ல.

மூட்டைகள் ஏறி முடிந்த நேரத்தில் கப்பித்தான் பலகையில் குதித்தது. உப்பு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிகளின் பக்கம் ஓடியது. அண்ணன் பின்னால் ஓடினான். சூசை தண்டல் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு வானத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கரையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மிக்கேலைக் கூப்பிட்டார். மிக்கேல் எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. அண்ணனைவிடச் சற்று மூத்தவர். ஈஸ்டருக்குப் பிறகுதான் கலியாணம் ஆகியிருந்தது. முன்பு தோணியில் போனவர், கலியாணத்துக்குப் பின் கரை வேலைக்கு வந்திருந்தார். ஒரு நடைதானே என்று தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு ஏறினார். தோணி விலகும்போது என்னைப் பார்த்துச் சொன்னது இது:

"ஏலே, கஸ்பார்ட்ட சொல்லு. அவனுக்கும் சேத்துக் கொழும்பு சோப்பு வாங்கியாரேன்னு."

அண்ணன் கப்பித்தானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தபோது பாய் துறைமுக வாயைக் கடந்துவிட்டது. நாயின் ஒரு காது கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் அவனைக் கேலி செய்தார்கள். நான் சோப்பு விஷயத்தைச் சொன்னேன். அவனும் சிரித்தான்.

மறுநாள் மாலை துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். தோணி கொழும்புக்குப் போய்ச் சேரவில்லை. வேறெங்கும் ஒதுங்கவும் இல்லை. தருவைகுளத்திலிருந்து மணப்பாடு வரை கரையோரத்தில் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. நான் செய்தி அனுப்பினேன். நாலு வரி. மதுரையிலிருந்து ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, கடைசி நேரத்தில் ஏறாமல் தப்பிய ஒருவன் இருக்கிறானாமே, அதைச் சேர்த்து எழுது, வாசகர்களுக்குப் பிடிக்கும் என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்க வேண்டியவன் அடுத்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

5

அம்மாவை நான் இப்போது குறை சொல்லவில்லை. அவள் இறந்து இரண்டு வருடமாகிறது. ஆனால் எங்கள் ஆட்களால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு தவறை அவள் செய்தாள்.

தான் ஆத்துமா மாதத்தைக் காத்ததால் ஆத்துமாக்கள் தன் மகனைக் காத்தன என்று அவள் முடிவு செய்தாள். பிளேடு பட்டிருந்தால் நாய் ஓடியிருக்காது, நாய் ஓடாமல் இருந்தால் மகன் ஏறியிருப்பான். கணக்கு அவளுக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது. கண் நோய் தீர்ந்தால் வெள்ளியில் கண்ணும், கால் குணமானால் வெள்ளியில் காலும் கோயிலில் உள்ள அந்தோணியார் கெபியில், அந்தக் குகை மாடத்தில், காணிக்கை கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அம்மா ஆசாரியிடம் போய் ஒரு சிறிய வெள்ளி நாய் செய்யச் சொன்னாள். வால் சுருண்டு, காது நிமிர்ந்து, கப்பித்தானைப் போலவே இருந்தது. கண்களுக்கும் கால்களுக்கும் நடுவில் அதைச் சிவப்பு நூலில் கட்டிவிட்டு வந்தாள். அதே கோயிலில் தோணியில் போனவர்களுக்காகப் பூசைகள் நடந்துகொண்டிருந்தன.

மிக்கேலின் மனைவி ரோசம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து. முக்காடு போட்டபடியே வந்தாள். அழவில்லை. அம்மா உட்காரச் சொன்னாள். அவள் நின்றாள்.

"வெள்ளி நாயப் பாத்தேன் மாமி. நல்லா செஞ்சிருக்கான்."

அண்ணன் அறையிலிருந்து வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கப்பித்தான் அவன் காலருகே இருந்தது. ரோசம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டிசம்பர்ல காயடிக்கப் போறீகளாமே?"

அம்மா ஆமாம் என்றாள். இனி ஒரு நாளும் அது தெருவில் திரியாது, உன் கண்ணில் படாது என்று அவசரமாகச் சொன்னாள். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள்.

"வேண்டாம் மாமி. காயடிக்காதீக. அது ஓடட்டும். ஒங்க மவன் தேடட்டும்."

"எது வரைக்கும் ளா?" என்று அம்மா கேட்டாள்.

"அவுக வார வரைக்கும்."

சொல்லிவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனாள். டிசம்பர் முதல் வாரத்தில் கம்பவுண்டர் வந்தார். அண்ணனே வாசலில் நின்று, வேண்டாம் அண்ணாச்சி என்று அனுப்பிவிட்டான்.

6

அதன்பிறகு அண்ணன் கடலுக்குப் போகவில்லை. உப்புக் கிட்டங்கியில் எடை பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தான். கப்பித்தான் வழக்கம்போல ஓடியது. அது ஓடும்போதெல்லாம் அவன் வேலையைப் போட்டுவிட்டுத் தேடப் போனான். பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே எங்கள் தெருவின் முழு நீளத்துக்கும் நடப்பான். மூன்றாவது வீட்டில் கதவு திறக்கும். ரோசம்மாள் நிலைப்படியில் நிற்பாள். அவன் தலையைக் குனிந்தபடி கடந்துபோவான். நாயைத் தூக்கிக்கொண்டு திரும்பும்வரை அவள் நிற்பாள், பிறகு கதவைச் சாத்துவாள். இருவரும் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

நாயைக் கட்டிப்போடலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். அவன் என்னை ஏதோ அசிங்கமான யோசனை சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

இந்த நாட்டுக்கு வருவதற்காக நான் சென்னைக்கு ரயிலேறிய நாளில் அவன் ஸ்டேஷனுக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. வண்டி ஊரைத் தாண்டி உப்பளங்களுக்கிடையே மெதுவாகப் போனபோது வரப்பில் அவனைப் பார்த்தேன். வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தான். குரல் வண்டிக்குள் கேட்கவில்லை. அவனுக்கு வெகு பின்னால், அதே வரப்பில், ஒரு பெண் நடந்துவந்தாள். முக்காட்டைப் பார்த்து அடையாளம் தெரிந்தது. அவளும் நாயைத் தேடினாளா, அவன் தேடுவதைக் கண்காணித்தாளா என்று அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை. செய்தியாக எழுதுவதென்றால் இரண்டு பேர் ஒரே திசையில் நடந்தார்கள் என்பதற்குமேல் எழுத முடியாது. ஐந்து வருடங்களாக என்னோடு இருப்பது அந்தக் காட்சிதான்.

7

நவம்பர் பிறந்தது. பிலோமி அலமாரியின் மேல் மெழுகுவத்தி ஏற்றினாள். அடைத்த செங்கல்லுக்குப் பக்கத்தில் டோபி புதிதாக ஒரு குழி பறித்து, ஒரு சனிக்கிழமை மதியம் மறுபடி வெளியே போய்விட்டது.

நாங்கள் மூவரும் மூன்று பக்கம் பிரிந்தோம். நான் லாரிச் சாலைப் பக்கம் போனேன். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. லாரிகள் பகலிலேயே விளக்குப் போட்டு ஓடின. நடைபாதையில் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டின் கதவைத் திறந்துகொண்டு வயதான அம்மையார் ஒருவர் வந்து நின்றார். நாய் காணாமல் போய்விட்டதா, பார்த்தால் பிடித்துவைக்கிறேன், அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லுங்கள், எனக்கு வாயில் நுழையவில்லை என்றார். அப்போதுதான் நான் இவ்வளவு நேரமும் கப்பித்தான் என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தது எனக்குத் தெரிந்தது.

அவர் நிலைப்படியில் நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல பெண்மணி, உதவிதான் செய்ய வந்தார். நன்றி சொல்லிவிட்டு வேகமாக நகர்ந்தேன்.

டோபியை ஸ்டெல்லாதான் கண்டுபிடித்தாள். பெட்டை நாய் வீட்டின் பின்புறம் குப்பைத் தொட்டிக்கு அடியில் இருந்ததாம். அவள் கோட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு வந்தாள். நேரே மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்துக் கீழே வந்து, அது செத்தால் உங்கள் ஆத்துமாக்கள்மேல்தான் பழி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிலோமிக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. இது புரிந்தது.

மறுநாள் நான் ஊருக்குப் பேசப் பதிவு செய்தேன். அங்கே எங்கள் தெருமுனைக் கடையில் தொலைபேசி வந்திருந்தது. அண்ணனிடம் இப்படி ஒரு விஷயத்தைக் கேட்பதற்காக ஒரு தொலைபேசி அழைப்பா என்று பிலோமி தடுக்கவில்லை. பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

8

இணைப்புக் கிடைத்தபோது எங்களுக்கு மதியம், அவனுக்கு மாலை. கடைக்காரர் அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"ஏலே, நல்லா இருக்கியா? யாருக்கும் ஒண்ணுமில்லியே?"

ஒன்றுமில்லை என்றேன். டோபியைப் பற்றிச் சொன்னேன். சின்னச் சாதி, ஆறு மாதம், ஓடுகிறது, லாரிச் சாலை, மருத்துவர் இந்த மாதம்தான் சரி என்கிறார். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பயந்து அவனைக் கூப்பிட்டேன்.

"இருக்கேன். காயடிச்சா ஓடாதாமா?"

இந்த வயதில் செய்தால் பெரும்பாலும் ஓடாதாம் என்றேன். பிறகு, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே, கப்பித்தான் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"செத்துட்டுலே. தபசுக் காலத்துல. வயசாயிட்டுல்லா. ஒறக்கத்துலயே போயிட்டு. உப்பளத்துக்கு அங்கன பொதச்சேன்."

நான் கணக்குப் போட்டேன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்; எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யார்ட்டயும் சொல்லல. மூணாம் வீட்டுல தெரிஞ்சிரும்னு."

"ரோசம்மா மயினிக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதான் நெனக்கேன். ஆனா சாயங்காலம் நான் கூப்பிட்டுக்கிட்டு போறப்ப கதவத் தொறந்துதான் நிக்கா."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. நாய் இல்லை. அவன் இன்னும் தெருவில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடக்கிறான். அவளும் இன்னும் கதவைத் திறக்கிறாள். தேடுவதை நிறுத்தினால் மிக்கேல் வரப்போவதில்லை என்று அவளிடம் அவனே போய்ச் சொன்னதாக ஆகிவிடும். அந்தத் தெருவில் எட்டு வருடங்களாக யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை.

"அண்ணே, எத்தன நாளைக்கு?" என்றேன்.

"அத விடு. நீ ஒன் நாய்க்குட்டியப் பாரு. செஞ்சிரு."

"ஆத்துமா மாசமா இருக்கே."

"ஆத்துமா மாசத்துலயே செஞ்சிரு. அது ஓடிட்டா அங்கன தேடுறதுக்கு ஆளு கெடையாது."

கடைக்காரர் ஏதோ சொல்வது கேட்டது. அண்ணன் அவருக்குப் பதில் சொல்லிவிட்டு, வைக்கட்டுமா என்று கேட்டான். இருட்டப் போகிறது, கூப்பிடப் போக வேண்டும் என்றான்.

ரிசீவரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டிருந்ததால், அதை வைத்தபின் பிலோமியிடம் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் எழுந்து, அலமாரியின் மேல் எரிந்த மெழுகுவத்தியின் திரியைக் கிள்ளிச் சரிசெய்தாள். "நாளைக்கே தேதி கேளுங்க" என்றாள்.

9

அந்தச் செவ்வாய்க்கிழமையை வரவேற்பறைப் பெண் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள். வியாழன் கிடைத்தது. இந்த மாதம் வேண்டாம் என்றீர்களே என்று கேட்டாள். ஊரில் அனுமதி கிடைத்துவிட்டது என்றேன். ஒப்புதல் சீட்டில் உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பள்ளிக்குப் போக மறுத்து ஸ்டெல்லா என்னோடு வந்தாள். மாலையில் டோபியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். பின்பக்கம் சில தையல்கள். தையலை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து நாளில் பிரித்துவிடலாம், உடம்பில் மிச்சம் இருக்கும் ஆண் சுரப்பு வடிய இன்னும் சில வாரங்கள் ஆகும், அதுவரை வேலியை நம்பாதீர்கள் என்று மருத்துவர் சொன்னார். பிடுங்கிய இரண்டு பால்பற்களை ஒரு சின்னக் காகித உறையில் போட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். வீட்டில் அவள் அதைப் பிலோமியின் மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தாள். பிலோமி அதை எடுக்கவில்லை.

ஆத்துமா மாதம் முடிந்தது. தையலைப் பிரித்தார்கள். கிறிஸ்துமஸும் போனது. ஜனவரியில் காற்று நின்றிருந்த ஒரு பிற்பகலில், ஸ்டெல்லாவைத் தெருவில் காவலுக்கு நிறுத்திவிட்டு, நான் முன்பக்க வாசல்கதவை முழுதாகத் திறந்து வைத்தேன். டோபி நடந்துபோய்க் கதவோரத்தில் நின்றது. தெருக்கோடியின் பக்கம் மூக்கைத் தூக்கி வெகுநேரம் மோந்தது. பிறகு திரும்பி, என் செருப்பைத் தாண்டி வீட்டுக்குள் போய்க் கணப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. ஸ்டெல்லா கைதட்டினாள். உள்ளே ஓடினாள்.

நான் கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். தெருவில் யாரும் இல்லை. ஊரில் அந்நேரம் இரவாகியிருக்கும். அண்ணன் தேடிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியிருப்பான். மூன்றாவது வீட்டில் ரோசம்மாள் கதவைச் சாத்தியிருப்பாள்.